கண்ணாயியின் கை எத்தனை குதிரை

இந்தக் காலத்து மனுசர்களுக்கு எதிரே நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆள் கையில் இருக்கிற காகிதம்தான் தெரிகிறது. காகிதம் இல்லாமல் போய் நின்றால், "யாருப்பா அங்க வெளிச்சத்தை மறைக்கிறது" என்கிறார்கள். காகிதத்தோடு போனால் அதை வாங்கிக்கொண்டு நம்மை வெளியே நிற்கச் சொல்கிறார்கள். சாப்பிட்டாயா, எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்ட வாயெல்லாம் இப்போது எத்தனாவது நம்பர் என்று கேட்கிறது.

எங்கள் கொல்லிமலை இன்னும் அவ்வளவு கெட்டுப்போகவில்லை. அங்கே எங்கள் வளப்பூர் நாட்டில் காடு கைமாறினால்கூட வாய்ச்சொல்தான். நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டால் முடிந்தது. மலையை விட்டு இறங்கினால் அது செல்லாது. அதனால் எங்களுக்குக் கீழே இறங்குவதே சீமைக்குப் போகிற மாதிரி. நான் அந்தச் சீமையில் வீடு பிடித்துக் கரண்டு வாங்கின கதை இது. இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களுக்கு ரெண்டு கையும் நன்றாக இருக்கிறது.

ரெண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருசம், தை மாசம். என் பெண்சாதி கண்ணாயி சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை விழுந்த சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அவள் தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டால் தொங்கியது. ஒரு மாசம் தைலமும் பச்சிலையும் பார்த்தோம். நடுவில் காய்ச்சல் வேறு. மாசியில் தூளி கட்டி, நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கி, அடிவாரத்து டவுனுக்கு இறக்கினோம்.

அங்கே அர்த்தனாரி டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். கண்ணாயி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை சாகலைங்க பெரியவரே. நரம்பு தூங்குது. தினம் ரெண்டு வேளை கரண்டு வச்சா எழும்பும்" என்றார். "என்கிட்ட சின்னப் பெட்டி ஒண்ணு இருக்கு. தாரேன். நான் ஊர் ஊராப் போறவன், ரெண்டு வேளையும் இங்க இருக்க மாட்டேன். கரண்டு உள்ள ஊடு ஒண்ணு பிடிச்சுக்கங்க. ஆனா ஆறு மாசம்தான் கெடு. கை விழுந்து ஒரு மாசம் போச்சு. ஆனி முடிஞ்சா நரம்பு காஞ்சு கயிறாட்டம் ஆயிரும். அப்புறம் இடியே விழுந்தாலும் அசையாது."

"அந்தக் கரண்டு அவளைக் கொன்னுபோடாதுங்களா?"

"கொல்லாதுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சிருக்கேன்."

படித்தவர்கள் சொன்னதை எல்லாம் நம்பினால் நான் இந்த வயசு வரைக்கும் இருந்திருக்க மாட்டேன். பெட்டியில் என் கையை வைக்கச் சொன்னேன். நூறு கட்டெறும்பு ஒரே நேரத்தில் ஏறின மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாயிதான் சொன்னாள்: "எறும்பு கடிச்சாலும் பரவால்லீங்க. கை அங்க இருக்குன்னாவது தெரியுமே."

பழனாயி என்கிற அம்மாள் தன் வீட்டை நடுவில் சுவர் வைத்து ரெண்டாக்கி, மேற்குப் பாதியை எங்களுக்கு வாடகைக்கு விட்டாள். புருசன் இல்லாதவள். கீழ்நாட்டுக் குடியானவ வீட்டுப் பெண், நல்ல மனசு. கிழக்குப் பாதியில் அவளுக்கு ரெண்டு பல்பு எரிந்தது. மேற்குப் பாதியில் கரண்டு இல்லை. கரண்டு உள்ள வீடு கிடைக்காமல்தான் இதைப் பிடித்தோம்.

"கம்பெனியில ஒரு மனு குடுங்க அண்ணா, குடுத்துருவாங்க" என்றாள். அவளுக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும்.

ஜோதிப் பிரகாச எலெக்ட்ரிக் கம்பெனி என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. குமாஸ்தா குப்புசாமி பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். "கம்பெனிக்கே கரண்டு இல்லீங்களா" என்று கேட்டேன். "எங்க மனு இன்னும் பரிசீலனையில இருக்கு" என்றார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும்.

"கரண்டு எதுக்கு?"

"கைக்குங்க."

குப்புசாமி மனு பாரத்தை விளக்கருகே பிடித்துப் படித்தார். "விளக்கு, விசிறி, மோட்டார். மூணுதான் இருக்கு. கை இல்லை."

"கீழ எழுதிக்கங்க சாமி."

"நானா எழுதறதுக்கு இது என்ன வண்ணான் கணக்கா? மெட்ராசுல அச்சடிச்ச பாரம்." கொஞ்சம் யோசித்து, இரக்கப்பட்டு, "விளக்குன்னு போட்டுக்கறேன். சுலபமா முடிஞ்சிரும்" என்றார். அவரே போட்டார். நான் கைநாட்டு வைத்தேன்.

முப்பத்திரண்டு நாள் கழித்துக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வெங்கிடுசாமி வந்தார். பகல் பதினோரு மணி, பங்குனி வெயில். ஜன்னலைத் திறந்தார், கதவைத் திறந்தார், புழக்கடைக் கதவையும் திறந்தார். நடுவீட்டில் நின்று நோட்டில் எழுதி, எனக்கும் படித்துக் காட்டினார்: "மேற்படி வீட்டில் போதிய வெளிச்சம் உள்ளது. விளக்கு அவசியமில்லை."

"ஏனுங்க, பொழுது விழுந்தா வெளிச்சம் இருக்குங்களா?"

"பொழுது விழுந்தப்புறம் எனக்கு டியூட்டி கிடையாது. நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்."

"விளக்கே வேண்டாங்க. இவ கைக்குத்தான் கேட்டேன். குமாஸ்தாதான் விளக்குன்னு போட்டாரு."

வெங்கிடுசாமி பேனாவை மூடினார். "அப்போ பொய்யான மனு போட்டிருக்கீங்க."

பொய் மனு போட்டதற்கு மன்னிப்பு மனு ஒன்று போட்டேன். அதற்கும் பாரம் இருந்தது. அதை ஏற்றுக்கொள்ள இருபது நாள். சித்திரை பிறந்துவிட்டது. கண்ணாயி தினமும் காலையில் எழுந்ததும் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள். அந்தப் பெட்டி துணி சுற்றி மூலையில் இருந்தது.

மறுபடி வந்த வெங்கிடுசாமி இந்தத் தடவை சந்தோசமாக வந்தார். ராத்திரியெல்லாம் யோசித்தாராம்.

"கரண்டு போனா உங்க சம்சாரம் கை அசையுமில்ல?"

"அசையும்னு டாக்டர் சொல்றாருங்க."

"கரண்டு போனா அசையற பொருளுக்குக் கம்பெனி பாசையில மோட்டார்னு பேரு. மோட்டார் தலைப்புல போட்டுக்கலாம்." பாரத்தை விரித்தார். "எத்தனை குதிரை?"

"எங்ககிட்ட குதிரை இல்லீங்க. ரெண்டு ஆடு இருக்குது, மலையில."

"குதிரைன்னா சக்தி. மோட்டாரைக் குதிரையிலதான் அளக்கணும். இந்தக் கை எத்தனை குதிரை?"

நான் கண்ணாயியைப் பார்த்தேன். கண்ணாயி கையைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கையில ரெண்டு வள்ளம் சாமை ஒரே மூச்சுல குத்துவாங்க."

"இப்போ?"

"இப்ப ஒண்ணுமில்லீங்க. அதுக்குத்தானே கரண்டு."

"ஒண்ணுமில்லாததுக்குக் கனெக்சன் தர ரூல் இல்லை. பழைய சக்தியையே எடுத்துக்கறேன்." தரையில் உட்கார்ந்து, உலக்கை எத்தனை உயரம் போகும், நிமிசத்துக்கு எத்தனை குத்து என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கடைசியில் தலையை ஆட்டினார். "கால் குதிரைதான் வருது. கம்பெனி அரைக் குதிரைக்குக் கீழ உள்ளதை மோட்டார்னு ஒத்துக்கறதில்லை."

"இடது கையையும் சேர்த்துக்கங்க."

"அது கரண்டு இல்லாமலே ஓடுதே. அதுக்கு எதுக்கு?"

"என் கையைச் சேர்த்துக்கங்க."

"அது வேற முதலாளி."

கண்ணாயி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஏனுங்க சாமி, உங்க கை எத்தனை குதிரை?"

வெங்கிடுசாமி பாரத்தை மடித்தார். தனி அனுமதி வாங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார்.

தனி அனுமதி வைகாசியில் வந்தது. அதோடு மோட்டார் விதிகளும் வந்தன. முதல் விதிப்படி வாசலில் மண்டை ஓடும் ரெண்டு எலும்பும் வரைந்த தகரத்தை அடித்தார்கள். அடியில் 'அபாயம்' என்று எழுதியிருந்தது. கரண்டு இன்னும் வரவில்லை, அபாயம் முதலில் வந்துவிட்டது. தயிர்க்காரி அதற்கப்புறம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. ரெண்டாவது விதிப்படி, மோட்டாரைச் சிமிண்டு மேடை மேல் போல்ட்டு வைத்து முடுக்க வேண்டும்.

"கண்ணாயியையா?" என்று கேட்டேன்.

"ரூல் மோட்டாரைப் பத்தித்தான் பேசுது. மனுசங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலை" என்றார் வெங்கிடுசாமி.

மேடையைக் கட்டினேன். போல்ட்டு வைக்க மாட்டேன் என்றேன். அதற்கு விலக்கு கேட்டு ஒரு மனு போகவேண்டும் என்றார்கள். மனு போயிற்று. கண்ணாயி சிமிண்டு மேடை மேல் உட்கார்ந்திருந்தாள். கெடு முடிய இன்னும் ஒன்றரை மாசம்தான் இருந்தது.

பழனாயி ஒருநாள் சோறு கொண்டுவந்தவள், மேடையையும் மண்டை ஓட்டையும் கண்ணாயியையும் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்கண்ணா, எங்கூட்டுல எரியுது. நடுவுல ஒரு சாண் சுவரு. ஒரு ஓட்டை போட்டா ஆகாதா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் மலையில் புதுக்குடி வந்தால் முதல் நெருப்பைப் பக்கத்து அடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். தானாகக் குச்சி கிழித்துப் பற்ற வைத்தால், பக்கத்து வீட்டுக்காரரை மனுசராகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். எடுத்த கொள்ளியை ஒளிக்காமல், தெரு பார்க்கத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அதற்கப்புறம் ஊர்ப்பெரியவரிடம் ஒரு பழமோ தேனோ கொண்டுபோய், இன்னார் வீட்டு நெருப்பு எடுத்தேன் என்று சொல்லவேண்டும். சொல்லாமல் எடுத்தால்தான் திருட்டு. இது தெரிந்த நான், இத்தனை மாசம் பக்கத்து வீட்டை விட்டுவிட்டுக் காகிதத்தின் பின்னால் அலைந்திருக்கிறேன்.

அன்றைக்கே கடப்பாறையால் ஓட்டை போட்டோம். டாக்டர் வந்து பழனாயியின் ஒரு பல்பைக் கழற்றி, அதிலிருந்து கம்பியை ஓட்டை வழியாக இழுத்துப் பெட்டியில் சேர்த்தார். காலையும் சாயங்காலமும் கால் கால் மணி நேரம். கண்ணாயி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், அவளைக் கொன்றுபோடுகிறதா என்று பார்க்க.

பதினோராம் நாள் காலையில், பெட்டியை நிறுத்தின அப்புறம், சுண்டு விரல் அசைந்தது.

கரண்டு இல்லாமல், தானாக. நானும் பார்த்தேன், பழனாயியும் பார்த்தாள். கண்ணாயி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி அசைத்தாள். "ஏனுங்க, என்னையக் கூப்பிடற மாதிரி இருக்குங்க" என்று சொல்லி அழுதாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதேபோல் விடாமல் செய்தால் ஆடிக்குள் தண்ணிச் சொம்பு தூக்குவாள் என்றார்.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். மலையிலிருந்து ஆள் மூலமாக ஒரு பெரிய பலாப்பழம் வரவழைத்தேன். தோளில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். குப்புசாமி முன்னால் இறக்கி வைத்து, "பழனாயி ஊட்டுல கரண்டு எடுத்துக்கிட்டனுங்க. விரல் அசைஞ்சிருச்சு. இனி உங்களுக்குச் சிரமமில்லை. எல்லாரும் சாப்பிடுங்க" என்றேன்.

எல்லோரும் வந்து உட்கார்ந்து பழத்தைத் தின்றார்கள். நல்ல பழம் என்றார்கள். கையில் எண்ணெய் போட்டுப் பால் போகத் துடைத்தார்கள். துடைத்த கையோடு குப்புசாமி என் மேல் திருட்டு ரிப்போர்ட் எழுதினார்.

மறுநாளே ரெண்டு பாதி வீட்டிலும் கம்பியை வெட்டிவிட்டார்கள். நானும் பழனாயியும் மானேஜர் முன்னால் நின்றோம். மானேஜர் கோட்டும் தலைப்பாகையும் போட்டவர். கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார்.

"அந்தம்மா குடுத்தாங்க, நான் வாங்கினேன். இதுல திருட்டு எங்கிருக்குதுங்க?" என்றேன்.

"என் கரண்டுங்க. நான் எங்கண்ணனுக்குக் குடுத்தேன்" என்றாள் பழனாயி.

"உன் கரண்டு இல்லை அம்மா" என்றார் மானேஜர். "உன் வீட்டுக்குள் வருகிற கரண்டு. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நீ அதன் வெளிச்சத்தில் உட்காரலாம். ஆனால் அதன்மேல் உனக்கு எண்ணம் எதுவும் இருக்கக் கூடாது. இரக்கப்பட்டு ஆளாளுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் ஊரில் எல்லோருக்கும் கரண்டு கிடைத்துவிடும். அப்புறம் இந்தக் கம்பெனி எதற்கு? நாங்கள் பொதுஜனங்களின் ஊழியர்கள். ஆகவே பொதுஜனங்களிடமிருந்து கரண்டைக் காப்பாற்றுவது எங்கள் கடமை. பெரியவரே, நீர் நாலு மாசமாக முறையாக மனுச் செய்தீர். அதை நான் மெச்சுகிறேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் முறையாகவே கிடைக்காமல் போயிருக்கும். அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டீர்."

இப்படித்தான் சொன்னார். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

அப்புறம் வெங்கிடுசாமி எழுந்து, திருட்டுக் கரண்டால் அசைந்த விரல்தான் இந்தக் கேசில் முக்கியமான சாட்சிப் பொருள் என்றும், அதை இஷ்டத்துக்கு ஆட்டிக்கொண்டிருந்தால் சாட்சி கலைந்துவிடும் என்றும் சொன்னார். மானேஜர் கண்ணை மூடி யோசித்து, சரி என்றார். சாயங்காலம் ரெண்டு பேர் வந்தார்கள். கண்ணாயியின் சுண்டு விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒரு பட்டைக் குச்சியில் வைத்து, நாடாவால் சுற்றி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள். பிரித்தால் பழனாயிக்கு ஜெயில் என்றார்கள்.

நான் பிரிக்கத்தான் போனேன். கண்ணாயி கையை இழுத்துக்கொண்டாள். "நமக்காக அந்தம்மா ஜெயிலுக்குப் போகோணுமாக்கும்? கொஞ்ச நாளுதானே. இருக்கட்டுங்க." அதற்குமேல் நான் என்ன செய்ய? டாக்டர் கம்பெனிக்குப் போய்க் கத்திவிட்டு வந்தார். அவர் கத்தினதைப் பதிந்துகொண்டார்களாம்.

விசாரணைக் கமிட்டி ஆனி முழுக்க உட்கார்ந்தது. கண்ணாயி முதலில், "உள்ள அசையுதுங்க, தெரியுது" என்பாள். அப்புறம் கேட்டால், "அசையற மாதிரிதான் இருக்குது" என்பாள். ஆனி இருபத்தைந்துக்குமேல் நான் கேட்கவில்லை.

ஆனி கடைசி நாள் தீர்ப்பு வந்தது. மலைவாசிகளின் அறியாமையை உத்தேசித்துக் கம்பெனி எங்களை மன்னித்தது. அதுமட்டுமில்லை, எங்களுக்குக் கனெக்சனுக்கும் அனுமதி கொடுத்தது. சில்லாவிலேயே முதல் வைத்திய மோட்டார் என்று மானேஜருக்குப் பெருமை. ஆனால் அடுத்தது ஆடி. ஆடியில் கம்பெனி எதையும் தொடங்குவதில்லையாம். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை நல்ல நாள் பார்த்தார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் பந்தல். மண்டை ஓட்டுத் தகரத்துக்குப் பூமாலை, மீட்டர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம். முதலில் மானேஜர் ஒரு சின்னக் கத்தரியால் கண்ணாயியின் விரலில் இருந்த நாடாவை வெட்டினார். கை தட்டினார்கள். விரல் அப்படியே இருந்தது. வெள்ளையாக, சுருங்கி, நாடாவின் தடத்தோடு. டாக்டர் கூட்டத்தில் நுழைந்து ஊசியால் குத்திப் பார்த்தார். ரெண்டு தடவை குத்தினார். ஊசியைச் சட்டையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மானேஜர் பிரசங்கம் செய்தார். "இருளில் கிடந்த ஒரு மலைப்பெண்ணின் கைக்கு இன்று ஒளி வந்துவிட்டது. ஏழு மாசத்தில் நாற்பத்தொரு காகிதம்! ஒரே ஒரு கைக்காக! வேறெந்தக் கம்பெனி இவ்வளவு உழைக்கும்? இப்போது இந்த அம்மாள் தன் கையாலேயே சுவிட்சைப் போடுவாள்."

கண்ணாயி எழுந்தாள். இடது கையை நீட்டினாள்.

"இடது கை ஆகாது, ஆகாது" என்று குப்புசாமி ஓடிவந்தார். "முதல் முதல்ல போடறது. வலது கையால போடும்மா."

யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கண்ணாயி நின்றுகொண்டே இருந்தாள். நேரம் தவறுகிறது என்று மானேஜரே வந்து அவள் வலது கையைத் தூக்கி, விரலைச் சுவிட்சின்மேல் வைத்து, தன் விரலால் அமுக்கினார். பல்பு எரிந்தது. அவர் கை தட்டுவதற்காகக் கையை விட்டார். அவள் கை போய் மேடையின் விளிம்பில் இடித்துத் தொங்கியது. வலித்திருக்காது.

"வா புள்ள" என்றேன்.

மூட்டையைக் கட்டினேன். பழனாயி அழுதுகொண்டே கட்டுச்சோறு கொடுத்தாள். சந்துமுனை தாண்டுகிறபோது குப்புசாமி ஒரு காகிதத்தோடு ஓடிவந்தார். "பெரியவரே, கம்பெனி சேவை திருப்தின்னு ஒரு கைநாட்டு. இது இல்லாம பைலை மூட முடியாது."

"திறந்தே கெடக்கட்டும்."

அவருக்குப் பின்னால் மானேஜரும் வந்துவிட்டார். கோபமில்லை, மனசு நொந்த மாதிரி இருந்தது. "பெரியவரே, யோசித்துப் பாரும். கம்பெனி கரண்டைக் கொடுத்துவிட்டது. நரம்புதான் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? இதையாவது ஒத்துக்கொள்ளும்."

நான் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல எனக்கு நம்பிக்கையில்லீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அடிவாரத்தில் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் கண்ணாயிக்கு மூச்சு வாங்கியது. நான் அவளுக்கு இடது பக்கமாகப் போய் நடந்தேன். அந்தப் பக்கம் போனால்தான் அவள் என்னைப் பிடித்துக்கொள்ள முடியும்.